நடுவிரலுக்கு ஒரு பள்ளம்

குறை விழுந்த பேனாவை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. மரை ஒரு சுற்றுத் தளர்ந்தாலும் சரி, மூடியின் விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சரி, இரும்புக் கட்டையின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரே போடு. எபோனைட் சில்லுசில்லாகத் தெறிக்கும். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச் முழுவதும் கந்தக வாடை பரவும். எபோனைட் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்துக் கட்டையாக இறுக வைத்தது. என் குடும்பத்தில் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார்கள். நான் அதை லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் மாட்டிக் கடைகிறேன். குடும்பத் தொழிலை விடவில்லை என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

எதிர் வீட்டில் ஒரு மலாய்க்காரர் இருக்கிறார், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சுத்தியல் சத்தம் கேட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்றைக்கு எத்தனை கொலை?" என்று மலாயில் கேட்பார். நான் விரல்களைக் காட்டுவேன். சில நாள் ஒன்று, சில நாள் மூன்று. அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தவள் நான். பதினேழு வருடம் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினேன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், இருட்டியபின் திரும்பி வருகிற பிழைப்பு. ஒரு நாள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என்னைக் குருடி என்று சொன்னார். கையில் இருந்த வெர்னியர் அளவுகோலை அவர் முகத்தைப் பார்த்து எறிந்தேன். அவர் குனிந்ததால் தப்பித்தார். எனக்கு அன்றோடு வேலை போனது. பழைய சின்ன லேத் ஒன்றை வாங்கி, ஸ்கூடாயில் என் வீட்டுக் கார் போர்ச்சில் இறக்கி, பேனா செய்ய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேரை நானே விரட்டினேன், மீதிப் பேர் கேள்விப்பட்டே வரவில்லை.

என் பேனாவுக்கு ஆள் தேடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. வாங்குகிறவரின் கைக்குத்தான் நான் பிடியைக் கடைவேன். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு குச்சியில் உருட்டிக் கொடுத்து, எழுதுவது போலப் பிடிக்கச் சொல்வேன். விரல்கள் அழுந்திய இடத்தை அளந்து அதன்படி பிடியைச் செய்வேன். அந்தக் களிமண்ணைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம். எழுதும்போது பயப்படுகிறவர்களின் கட்டைவிரல் ஆழமாகப் பதிந்திருக்கும்.

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அதற்கும் ஒரு கதை வைத்திருந்தேன். எனக்குப் பதினான்கு வயதில் சிகாமட்டில் ஒரு சீனன் கடையில் மைப்பேனா வாங்கினேன். வாங்கிய வாரமே அது கீழே விழுந்து நிப் வளைந்துவிட்டது. நான் அதைப் பிரித்து, நிப்பைக் கரண்டிக் காம்பின் மேல் வைத்து நகத்தால் அழுத்தி அழுத்தி நிமிர்த்தினேன். மறுபடி எழுதியது. அன்றைக்கே நான் பேனாக்காரி ஆகிவிட்டேன் என்று முடிப்பேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்துத் தலையாட்டுவார்கள். நான் அதைச் சொல்வதை ஒருவர் படம்கூடப் பிடித்துப் போனார்.

என் தங்கை என்னைவிட மூன்று வயது சின்னவள். சிகாமட் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அவள் கணவன் ஊருக்கெல்லாம் நல்லவன். கோயில் கமிட்டியில் இருந்தான். யாரைப் பார்த்தாலும் கை கூப்புவான். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கைக்கு வேறு வேலை. இரண்டு தடவை என் வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் அவன் போனில் அழுதான், இவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். மூன்றாவது தடவை வலது கையில் மாவுக்கட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாளாம். அவன் பின்னால் வந்து நின்று முழுவதையும் படித்திருக்கிறான். கத்தவில்லை. பேனாவைப் பக்குவமாகக் கையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, விரல்களைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கியிருக்கிறான். முதலில் ஆள்காட்டி விரல், அப்புறம் மோதிர விரல். முறிந்த சத்தம் கேட்டதும் அவனே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான்.

இதை அவள் சொல்லி முடித்ததும் நான் போர்ச்சுக்குப் போய், நல்லதாக இருந்த ஒரு பேனாவை எடுத்து நொறுக்கினேன். எனக்கு வேறு எதைச் செய்வது என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் சமையலறை வாசலில், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றாள். வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டு அவிழ்த்த அன்று அவள் கையை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் பாதிதான் மடங்கின. நடுவிரலின் மேல்கணு மோதிர விரல் பக்கமாகச் சாய்ந்து, நகம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"மூணு விரலு! மூணு விரல ஒடச்சிருக்கான், பாவி," என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

வக்கீல் அம்மா ஒருவரைப் பார்த்தோம். என்னென்ன நடந்தது, எப்போது நடந்தது, எங்கே அடிபட்டது என்று ஒன்று விடாமல் எழுதிக் கொண்டு வரச் சொன்னார். நீ சொல்லு, நான் கணினியில் அடிக்கிறேன் என்றேன். தங்கை கேட்கவில்லை.

"நான் டீச்சர்க்கா. என் கையால எழுதித்தான் குடுப்பேன்."

ஆனால் அந்தக் கையில் பேனா நிற்கவில்லை. நழுவி நழுவி விழுந்தது. மதியம் ஆனால் அவன் போன் வரும். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே வரும்போது முகத்தில் ஒரு இளக்கம் தெரியும். அவள் எழுதாமல் கழிகிற ஒவ்வொரு நாளும் அவளை அவன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. நாலாவது தடவை வருவதற்கு அவள் உயிரோடு இருக்க மாட்டாள் என்று எனக்குப் பயம். அதனால் அவள் கைக்கு ஒரு பேனா செய்யத் தொடங்கினேன்.

களிமண்ணைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். மடங்காத இரண்டு விரல்களும் சும்மா தொட்டுக்கொண்டு நின்றன. பேனாவின் பாரம் முழுவதும் நடுவிரலின் பக்கவாட்டில்தான் விழுந்தது. அந்த வளைந்த கணுவுக்குச் சரியாக ஒரு பள்ளம் வேண்டும். பள்ளத்தின் சாய்வு கொஞ்சம் தப்பினாலும் பேனா உருண்டுவிடும். முதல் பிடி உருண்டது, நொறுக்கினேன். இரண்டாவது தடித்துப் போனது, அதையும் நொறுக்கினேன். ஒவ்வொரு அடிக்கும் வீட்டுக்குள் ஏதோ ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. "என்னடி, கைய கால வெச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

மூன்றாவது பிடி சரியாக வந்தது. லேத்தில் வெட்டியபின் பள்ளத்தை மட்டும் கை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து முடித்தேன். இனி மைக்குழாய் உள்ள உடல் பகுதியைக் கடைய வேண்டும். அன்று சனிக்கிழமை காலை. எபோனைட் கட்டையை லேத்தின் சக்கில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். சக் என்பது கட்டையை மூன்று தாடைகளால் கவ்விப் பிடித்துச் சுழலும் பகுதி. அதை இறுக்க ஒரு சாவி உண்டு, கட்டைவிரல் தடிமனில், கனமான இரும்பு. அந்தச் சாவியைச் சக்கில் செருகியபடி விட்டுவிட்டுக் கையை எடுக்கக் கூடாது. லேத்காரர்களுக்கு இதுதான் முதல் பாடம். மறந்துபோய் மோட்டாரைப் போட்டால் சாவி துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே பாயும். சிங்கப்பூரில் சாவியை விட்டுவிட்டு நகர்கிறவனை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினேழு வருடத்தில் நான் ஒரு தடவைகூட விட்டதில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. அவன்தான். கையில் ஒரு பை நிறைய டுக்கு பழம். தங்கை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? அவள கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் சாவியிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தேன். அவன் போர்ச்சுக்குள் வந்து, பழப் பையைக் கீழே வைத்துவிட்டு, லேத்துக்கு எதிரே நின்றான். தட்டில் கிடந்த பிடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னாக்கா?"

"அவ பேனா. அவ கைக்குச் செய்றேன்."

அவன் சிரித்தான். எரிச்சலே இல்லாத சிரிப்பு. "இவளுக்கு எதுக்கு லா பேனா? எழுதித்தானே கை இப்படி ஆச்சு. கையெழுத்து போடணும்னா கட்டவிரல் இருக்கு இல்ல, அத நான் ஒண்ணும் பண்ணலியே."

என் கை லேத்தின் பச்சைப் பொத்தானுக்குப் போனது.

ஒரு கிணீர் சத்தம். அடுத்து அவன் தரையில் கிடந்தான். சாவி அவன் தாடையில் அடித்துவிட்டு, அவன் கார் வரை போய் விழுந்திருந்தது. வாயைப் பொத்தியிருந்த விரல்களுக்கு நடுவே இரத்தம் வழிந்தது. டுக்கு பழங்கள் உருண்டு சிதறின. இரண்டு பற்கள் என் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தன. லேத் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. நான் பக்கவாட்டில் நின்றேன், எனக்கு ஒரு கீறல் இல்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, இன்னும் ஏறியது. சுத்தியலை எடுத்தேன். அவன் பின்பக்கமாக நகர்ந்து காலை உதைத்தான். நான் கையை ஓங்கினேன். "அக்கா!" என்று கத்திக்கொண்டு தங்கை குறுக்கே வந்து விழுந்தாள். அவனுக்கு முதுகைக் காட்டி, என் பக்கம் பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கித் தன் தலையை மூடிக்கொண்டாள். என் சுத்தியல் அவள் தலைக்கு மேலே நின்றது. அவள் கண்களை இறுக மூடியிருந்தாள், அடி விழட்டும் என்று காத்திருப்பவள் மாதிரி.

எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து என் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினார். தன் சட்டையைக் கழற்றி அவன் வாயில் வைத்து அழுத்தி, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சாவியை எடுக்க மறந்துவிட்டேன், விபத்து என்று நான் அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தங்கை கணவனும் ஆஸ்பத்திரியில் விபத்து என்றே சொல்லியிருக்கிறான். மனைவியின் அக்காவிடம் பல்லைக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? அதோடு அவன் போன் வருவது நின்றது.

அவள் இனித் திரும்பிப் போக மாட்டாள், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் தங்கை என்னோடு பேசுவதையும் நிறுத்தியிருந்தாள். மூன்று நாள் தட்டில் சோறு போட்டு மேசையில் வைப்பாள், நான் வந்து உட்கார்ந்ததும் எழுந்து போவாள். அந்த மூன்று நாளில் பேனாவை முடித்தேன். கறுப்பு உடல், அடர்சிவப்புப் பிடி, நடுத்தர நிப். நீல மை நிரப்பி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் மூடியைத் திறந்து பிடித்துப் பார்த்தாள். நடுவிரல் பள்ளத்தில் போய் அப்படியே உட்கார்ந்தது. ஒரு கோடு இழுத்தாள். தன் பெயரை எழுதினாள். பேனா நழுவவில்லை. அவள் கண் கலங்கியது, எனக்கும்தான். காகிதத்தை நேராக வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். கல்யாணமான முதல் வருடத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்தது. காது, முதுகு, கொதிநீர், கடைசியில் விரல்கள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரல், மோதிர விரல் என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைத்தாள்.

"நடுவிரல விட்டுட்ட."

"விடல."

"கண்ணுக்கு முன்னால கோணிக்கிட்டு நிக்குது, விடலன்றே. எழுதுடி. அவன ஏன் இன்னும் காப்பாத்துற?"

"அது அவரு பண்ணது இல்ல."

"பின்ன யாரு?"

அவள் பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "நீதான்க்கா."

நான் சிரித்தேன். உண்மையாகவே எனக்குப் புரியவில்லை.

"உன் மைப்பேனா. சிகாமட்ல வாங்கினது. ஊருக்கெல்லாம் கத சொல்லுவியே. அது தானா விழல, நான் எடுத்து எழுதிப் பாத்தேன், கை தவறிடுச்சு."

"அன்னிக்கு உன் விரலு கதவுல மாட்டிச்சு. அம்மாகூட..."

"கதவு இல்ல. அலமாரி டிராயரு. கதவுன்னு அம்மாகிட்ட சொன்னது நீ. நானும் ஆமான்னு சொன்னேன்."

கதவு என்று நான்தான் சொன்னேன். சொன்ன பொய்யை நாளாவட்டத்தில் நானே நம்பி, அதில் அவள் விரலையே விட்டுவிட்டுப் பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பது வருடமாக அந்தக் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த விரலை ஒரு தடவை பார்த்ததில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. வெட்கப்படும்போதும் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

"சின்ன வயசுல நடந்தது. இப்ப எழுதிட்டா என்னா குறஞ்சிடும்? அவன் பண்ணாத அநியாயமா? அதோட அதா சேந்துக்கும்."

"நான் ஒண்ணு பொய் எழுதினா, மத்த எல்லாமே பொய்யாயிடும்க்கா."

மேசையை ஓங்கி அறைந்தேன். அவள் கை உடனே தலைக்குப் போனது. அதைப் பார்த்ததும் என் கை மேசையிலேயே கிடந்துவிட்டது. சமையலறைச் சுவரில் அவள் ஒட்டி நின்றதும், உள்ளே விழுந்த பாத்திரங்களும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

அடுத்த வாரம் அந்தப் பேனாவால் மாற்றல் கடிதத்தையும் எழுதினாள். பெக்கான் நானாஸில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. என் வீட்டிலிருந்தே போய் வரலாம், தூரமில்லை. இங்கேயே இரு என்று நான் கேட்கவும் செய்தேன். அவள் அங்கேயே ஒரு சீனக் கிழவியின் வீட்டில் அறை எடுத்துக்கொண்டாள். அவனிடம் போகவில்லை, என்னோடும் இருக்கவில்லை. நான் வேலையில் இருக்கும்போது புறப்பட்டுப் போனாள். வக்கீலுக்கு எழுதிய காகிதங்களை எடுத்துப்போயிருந்தாள்.

மாலையில் லேத்தைத் துடைக்கப் போனபோது, தட்டில் சக் சாவிக்கு அடியில் ஒரு காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நீல மை. எழுத்து நடுங்காமல், வரி கோணாமல், அவள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதும் அதே உருண்டை எழுத்து.

"எனக்கு வயது பதினொன்று. அக்கா அலமாரி டிராயரை மூடினாள். என் விரல் உள்ளே இருந்தது அவளுக்குத் தெரியும்."

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எதிர் வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, "இன்றைக்கு எத்தனை?" என்று கேட்டார். அவரை உள்ளே வரச் சொன்னேன். சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். அன்றைக்கு இது சக்கில் இருந்தது எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொன்னேன்.